திறந்து பார்க்காமலே தீர்ப்பா?

"கொத்ததி தீஸ்கோண்டி சார்." திருப்பதியில் கெட்டுப்போன கேமரா சார்ஜரைக் கடை மேசைமேல் வைத்தால் வரும் பதில் இது. சித்தூரில் இதையே தமிழில் சொல்வார்கள்: "புதுசு வாங்கிக்கோங்க சார், இதையெல்லாம் இப்போ யாரு ரிப்பேர் பண்றாங்க?" இரண்டு ஊரிலும் பதில் சொன்னவர் சார்ஜரைக் கையில் எடுத்திருக்க மாட்டார். விளக்கு எரிகிறதா, எப்படி மின்னுகிறது, எந்த பேட்டரியைப் போட்டீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்.

கடைக்காரர் மட்டும் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் நண்பர்கள், மின்னணுவியல் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள் என்று எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

அவர்கள் தரப்பை முதலில் முழுமையாக வைக்கிறேன். சார்ஜருக்குள் வருவது 230 வோல்ட் வீட்டு மின்சாரம். தெரியாமல் கை வைத்தால் உயிர் போகும். அது ஏற்றுவது லித்தியம் அயான் பேட்டரியை. தவறாக ஏற்றினால் தீப்பிடிக்கும். புதுச் சார்ஜர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அரை நாள் உட்கார்ந்து பழுது பார்க்கும் நேரத்தின் மதிப்பு அதைவிட அதிகம். கெட்டதைப் போட்டால் மறுசுழற்சிக்குப் போய்விடும். புதிய கேமராக்களில் யுஎஸ்பி வழியாகவே சார்ஜ் ஏறுவதால் பழைய சார்ஜரைக் காப்பாற்றுவதே வீண். இவற்றில் முதல் இரண்டும் உண்மையான அச்சங்கள். அவற்றை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் இவை அத்தனையையும் ஒப்புக்கொண்டாலும் "திறக்காதே, தூக்கிப் போடு" என்ற முடிவுக்கு வர முடியாது.

1. கெட்டது சார்ஜர்தான் என்று யார் சொன்னது?

மற்ற எல்லா வாதங்களும் இந்த ஒன்றின்மேல்தான் நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், காணிப்பாக்கத்தில் விடியற்காலை முகூர்த்தம். முந்தின நாள் மதியம் பேட்டரியைப் போட்டால் சார்ஜரின் ஆரஞ்சு விளக்கு நிற்காமல் படபடவென்று மின்னுகிறது. கடையில் கேட்டேன், சார்ஜர் போய்விட்டது என்றார்கள். புதிதாக ஒன்று வாங்கி வந்து அதே பேட்டரியைப் போட்டேன். புதுச் சார்ஜரும் அதே வேகத்தில் மின்னியது. கெட்டிருந்தது பேட்டரி. பழைய சார்ஜரில் ஒரு குறையும் இல்லை.

நடந்தது இதுதான். பையில் மாதக்கணக்காகக் கிடக்கும் லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் மெல்ல இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். வெளியே மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டும். சார்ஜர் அதைப் பார்த்து, இதில் மின்சாரம் ஏற்றுவது ஆபத்து என்று மறுக்கிறது. தன் கடமையைச் சரியாகச் செய்த கருவியைத்தான் நாம் குப்பையில் போடுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேமரா பேட்டரியில் நேர்முனை, எதிர்முனை மட்டும் இல்லை. மூன்றாவதாக ஒரு சிறு தகடு இருக்கும், பெரும்பாலும் பக்கத்தில் 'டி' என்று பொறித்திருப்பார்கள். பேட்டரிக்குள் இருக்கும் வெப்ப உணரியோடு பேசும் வழி அது. அந்தத் தகட்டில் அழுக்குப் படிந்தாலோ, சார்ஜர் பக்கத்து வில்முனை அமுங்கிப்போனாலோ, பேட்டரியின் வெப்பநிலையைச் சார்ஜரால் அறிய முடியாது. அதுவும் மறுத்து மின்னும். பள்ளிப் பிள்ளையின் அழிப்பான் ரப்பரால் தகடுகளை நாலு முறை தேய்ப்பதும், உலர்ந்த தூரிகையால் வில்முனைகளைத் துடைப்பதும் இதற்குப் போதும். திறக்கவே தேவையில்லை. சுவரில் மாட்டும் ஒயரும் இப்படித்தான். பழைய டேப் ரெக்கார்டருக்கு வருமே, எட்டு வடிவ முனை கொண்ட ஒயர், அதுதான் பல சார்ஜர்களுக்கும். சுருட்டிச் சுருட்டிப் பையில் திணித்ததில் அது உள்ளுக்குள் அறுந்திருக்கும். வேறு ஒயர் மாட்டிப் பார்க்க ஒரு நிமிடம்.

ஆக, பரிசோதனை மூன்று: நல்லதென்று தெரிந்த இன்னொரு பேட்டரி, இன்னொரு ஒயர், சுத்தமான தகடுகள். வீட்டில் இருந்தபடி, ஓர் ஆணியைக்கூடக் கழற்றாமல் செய்யலாம். 'பழுது பார்த்தல்' என்று நம் மொழி இந்த வேலைக்குப் பெயர் வைத்திருக்கிறது. இன்று வழங்கும் அறிவுரையில் பார்ப்பது என்ற பாதியே காணாமல் போயிற்று.

2. ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் ஆபத்து என்று மட்டும் சொன்னால் அது எச்சரிக்கை ஆகாது.

சார்ஜரின் உட்பலகை இரண்டு ஊர்கள் போல. ஒருபக்கம் வீட்டு மின்சாரம் நுழைகிறது. 230 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டில் ஒரு பெரிய கெபாசிட்டரில் தேங்குகிறது. (பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இதைக் கண்டன்சர் என்பார்கள், சித்தூரில் இன்றும் அந்தச் சொல் காதில் விழும்.) மறுபக்கம் பேட்டரிக்குப் போகும் குறைந்த அழுத்தம், இரண்டு செல் கொண்ட பேட்டரி என்றால் ஒரு செல்லுக்கு 4.2 வீதம் 8.4 வோல்ட். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு டிரான்ஸ்பார்மர், ஒளியால் மட்டும் செய்தி கடத்தும் ஒரு சில்லு, வெறும் இடைவெளியாக விடப்பட்ட பல மில்லிமீட்டர் பலகை. உயிரைக் காப்பது இந்த இடைவெளி.

கொல்லக்கூடியது முதல் பக்கம். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதனால் பிடுங்கி, காத்திருந்து, மல்டிமீட்டரால் அளந்து, மிச்சம் இருந்தால் ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மறுபடி அளந்து பூஜ்யம் என்று கண்ட பிறகே விரல் உள்ளே போகலாம். ஸ்க்ரூ டிரைவரால் 'ஷார்ட்' செய்து பொறி பறக்க விடுவது வேலை தெரிந்தவர் செய்வதல்ல. மின்சாரம் ஓடும்போது அந்தப் பக்கத்தில் அளப்பது முறையாகக் கற்றவரின் வேலை. வீட்டில் செய்ய வேண்டாம். ஃப்யூஸ் போயிருந்தால் அதே மதிப்பு ஃப்யூஸ்தான். கம்பியைச் சுற்றி வைப்பவர் தன் வீட்டுக்குத் தானே தீ வைக்கிறார். அதே மதிப்பு ஃப்யூஸும் மறுபடி போனால் வேலை அங்கேயே நின்றுவிட வேண்டும். பழுது ஆழத்தில் இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடுகளை எல்லாம் வைத்த பிறகும் வீட்டில் செய்யக்கூடிய வேலை நிறைய மிஞ்சுகிறது. நான் திறந்த சார்ஜர்களில் திரும்பத் திரும்பக் கண்டவை சில சாதாரணக் குறைகள்தாம். ஒயர் மாட்டும் சாக்கெட்டின் காலடியில் ஈயம் விரிசல் விட்டிருக்கும். டிரை சால்டர் என்பார்கள். வில்முனை பலகையோடு சேரும் இடத்தில் ஈயம் பெயர்ந்திருக்கும். குறைந்த அழுத்தப் பக்கத்துக் கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கும். மூன்றுக்கும் சால்டரிங் அயன், கொஞ்சம் ஈயம், அதே மதிப்பும் அதே அல்லது கூடுதல் வோல்ட் தாங்குதிறனும் கொண்ட ஒரு கெபாசிட்டர், இவை போதும்.

கெபாசிட்டர் உப்புவதற்கு நம் ஊர் வெயிலும் காரணம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிடப்பட்ட கெபாசிட்டர் பரவலாகப் பயன்படும் வகை. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும்; ஏறினால் பாதியாகும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியில், கல்யாண மண்டப மேடைக்குப் பின்னால், ஃபோகஸ் லைட்டின் அனலில் நாலு சார்ஜர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சார்ஜ் போடுகிறோம். காற்றுப் படும்படி தனித்தனியாக வைத்தாலே பாதிப் பழுது வராது.

வேலை முடிந்ததும் நேராகச் சுவரில் மாட்டிவிடக் கூடாது. பழைய மெக்கானிக்குகளின் சீரிஸ் போர்டு, அதாவது வரிசையில் ஒரு குண்டு பல்பை வைத்த பலகை, இதற்காகவே பிறந்தது. சார்ஜரின் மூடியைப் பூட்டி அதில் மாட்டினால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், சார்ஜர் வெடிக்காது. பிறகு வெளியீட்டை அளக்க வேண்டும். எவ்வளவு வர வேண்டும் என்று சார்ஜரின் முதுகிலேயே அச்சடித்திருக்கும். அதைத் தாண்டினால் பேட்டரி போடவே கூடாது. சில சார்ஜர்கள் பேட்டரி இல்லாமல் எதையும் வெளியே விடாது என்பதால் பூஜ்யம் காட்டியதும் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதல் முறை சார்ஜ் போடுவது வெறும் தரையில், கண்ணெதிரே, விழித்திருக்கும்போது.

ஒட்டப்பட்ட மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. பல சார்ஜர்களுக்குத் திருகாணியே கிடையாது. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பிளந்து திறந்தால் மீண்டும் இறுக்கமாக மூட முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தச் சார்ஜர் ஓய்வு பெறட்டும். செல்லோ டேப் சுற்றிய சார்ஜரைப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் மாட்டுவதை நான் ஆதரிக்கவில்லை.

பேட்டரியைத் திறப்பதை ஒருபோதும் ஆதரிக்கவில்லை. செத்த பேட்டரிக்கு இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து 'உயிர் கொடுக்கும்' வீடியோக்கள் உலவுகின்றன. அளவுக்கு மீறி இறங்கிய லித்தியம் செல்லுக்குள் செப்புத் தகடு கரைந்து மீண்டும் கண்ட இடத்தில் படிகிறது. அதில் மின்சாரம் ஏற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அந்த வித்தையைக் காட்டுகிறவர்களும் "எதையும் தொடாதே" என்பவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: சார்ஜருக்கும் பேட்டரிக்கும் உள்ள வேற்றுமையை மறந்துவிடுகிறார்கள்.

3. சரி, தூக்கிப் போட்டுவிட்டோம். அதன் இடத்தில் வருவது என்ன?

பாதுகாப்பு வாதம் உடையும் இடம் இது. மூல நிறுவனத்தின் சார்ஜர் ஆயிரக்கணக்கில் விலை. "ஐந்நூறுக்குள் புதுசு" என்று கணக்குப் போடுகிறவர் வாங்குவது பெயர் தெரியாத ஒன்றை, அல்லது பெரிய பெயரைத் திருடி அச்சடித்த டூப்ளிகேட்டை. 2016இல் பிரிட்டனின் வணிகத் தர அதிகாரிகள் இணையத்தில் பல நாடுகளிலிருந்து வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களை யுஎல் ஆய்வகத்தில் சோதிக்கச் செய்தார்கள். அடிப்படைப் பாதுகாப்புச் சோதனையில் தேறியவை 3. மற்ற 397உம் மின்சாரம் பாயாமல் காக்கும் தரம் இல்லாதவை. அவை போன் சார்ஜர்கள். ஆனால் உள்ளே இருக்கும் தத்துவமும் அதே, போலி செய்பவர் மிச்சம் பிடிக்கும் இடமும் அதே. நான் முன்பு சொன்ன அந்த மில்லிமீட்டர் இடைவெளியைக் குறைக்கிறார், டிரான்ஸ்பார்மருக்குள் சுற்ற வேண்டிய காப்பு நாடாவைக் குறைக்கிறார், ஃப்யூஸை விட்டுவிடுகிறார். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

இப்போது ஒப்பிடுங்கள். ஒருபுறம், ஒழுங்கான காப்போடு செய்யப்பட்டு, பத்தாண்டு உழைத்து, சாக்கெட் காலில் ஈயம் விட்டுப்போன சார்ஜர். அந்த ஒரு காலைப் பற்றவைத்தால் காப்பு இடைவெளி பழையபடியே இருக்கும். மறுபுறம், நேற்று வாங்கிய, உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்காத பெட்டி. இரண்டில் எதைத் தலைமாட்டில் இரவு முழுவதும் மாட்டித் தூங்குவீர்கள்? அச்சத்தைக் காரணம் காட்டி முதலாவதை எறிந்துவிட்டு இரண்டாவதை வாங்கச் சொல்லும் அறிவுரை, தான் தவிர்க்க நினைத்த ஆபத்தைக் காசு கொடுத்து வீட்டுக்குள் அழைக்கிறது. மூல நிறுவனத்தின் சார்ஜரையே வாங்குங்கள் என்று சொன்னால் அது நேர்மையான அறிவுரை. ஆனால் அப்போது ஐந்நூறு ரூபாய்க் கணக்கு போய்விடும்.

4. நேரத்தின் மதிப்பு என்கிறார்கள், யாருடைய நேரம்?

பார்சலுக்குக் காத்திருக்கும் நாட்களை இவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மாதத்தில் பத்து முகூர்த்தம் வந்தால் பத்தும் சம்பாத்தியம்; சார்ஜர் இல்லாத ஒரு நாள் போனால் போனதுதான். முதல் பகுதியில் சொன்ன பரிசோதனை சில நிமிடம். ஈய விரிசலைப் பற்றவைக்க அரை மணி. கெபாசிட்டர் சில ரூபாய். சித்தூர்க்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டமும் உண்டு: ஒருபக்கம் சென்னை ரிச்சி தெரு, மறுபக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு, இரண்டுமே நாலு மணி நேரப் பயணத்துக்குள். போகிறவரிடம் சொல்லிவிட்டால் பத்து கெபாசிட்டர் வாங்கி வருவார். இரண்டு வருடத்துக்குப் போதும். உத்தரவாதக் காலம் முடியாத சார்ஜரைத் திறக்க வேண்டாம். நிறுவனத்திடம் மாற்றி வாங்குங்கள். முடிந்த பிறகு திறப்பதால் எதை இழக்கிறோம்?

5. "மறுசுழற்சிக்குப் போகும்" என்பது நம்பிக்கை மட்டுமே.

2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மீதி எங்கே போகிறதென்று நம் ஊர் எல்லையில் புகையும் குப்பை மேட்டைப் பார்த்தால் தெரியும். செப்புக்காக ஒயரை எரிக்கும் நாற்றத்துக்கு ஆய்வறிக்கை வேண்டாம். முறையான ஆலைக்கே போனாலும் மீள்வது கொஞ்சம் உலோகம். டிரான்ஸ்பார்மராகவும் சில்லாகவும் ஆன உழைப்பு மீளாது.

6. யுஎஸ்பி வந்துவிட்டது என்பது பழையதை எறியக் காரணமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய டிஜிட்டல் கேமராக்களுக்கு யுஎஸ்பி-சி இணைப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம், வரவேற்கிறேன். அதன் நோக்கமே தேவையற்ற சார்ஜர்கள் பெருகுவதைத் தடுப்பது. அதைச் சொல்லி இருக்கிற சார்ஜரை எறிந்தால் அந்தச் சட்டத்துக்கே எதிராக நடக்கிறோம். தவிர, நம் ஸ்டூடியோக்களில் ஓடும் கேமராக்கள் பலவும் பத்தாண்டு பழையவை. அவற்றில் யுஎஸ்பி வழியே சார்ஜ் ஏறாது. கேமராவுக்குள் வைத்துச் சார்ஜ் போட்டால் அந்த நேரம் கேமராவும் முடங்கும். தாலி கட்டும்போது இரண்டு பேட்டரி வெளியே ஏறிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

7. "நம்ம ஊர்ல யாருக்கு இந்த வேலை தெரியும்?"

எனக்கு மிகவும் வலிப்பது இந்தக் கேள்விதான், ஏனென்றால் கேட்கப்படும் இடம் திருப்பதி. 1985இல் தொடங்கிய அமரராஜா நிறுவனம் கரகம்பாடியிலிருந்து நாடு முழுவதற்கும் பேட்டரி அனுப்புகிறது. சத்தியவேட்டுக்கு அருகே ஸ்ரீசிட்டியில் 2015 முதல் ஃபாக்ஸ்கான் ஆலையில் கைபேசிகள் உருவாகின்றன; அந்த வரிசைகளில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நம் கிராமத்துப் பெண்கள். திருப்பதியின் மின்னணுத் தொகுப்பில் 165 கோடி ரூபாயில் முனோத் நிறுவனம் லித்தியம் செல் ஆலை அமைத்தது. 2022 செப்டம்பரில் அன்றைய மத்திய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் அதன் முன்னோட்ட உற்பத்தியைப் பார்வையிட்டார். செல் செய்யத் தெரிந்த ஊர், பலகையில் ஈயம் வைக்கத் தெரிந்த ஊர், ஒரு சார்ஜரின் மூடியைத் திறக்க ஆளில்லை என்று சொல்வதை எப்படி ஏற்பது? கை இருக்கிறது. பழுதைத் தேடும் பயிற்சியைத்தான் யாரும் கொடுக்கவில்லை. புதிதாகச் செய்வதற்குச் சம்பளம் உண்டு, பழையதைப் பார்ப்பதற்கு இல்லை.

வழியில்லாமல் இல்லை. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா தொடங்கிய ரிப்பேர் கஃபே, தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பழுது பார்க்கும் ஏற்பாடு. 2015இல் அது பெங்களூருக்கு வந்தது. சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் ஊர். பயம் உள்ளவர் தனியாகத் திறக்க வேண்டியதில்லை. பக்கத்தில் தெரிந்தவர் இருக்கத் திறக்கலாம்.

அரசும் பாதி வழி வந்து நின்றிருக்கிறது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக நிதி கரே தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் திறக்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். கேமரா என்று தனியாக எதுவும் இல்லை. கேமராவை நம்பி வயிறு வளர்க்கும் ஸ்டூடியோக்காரர்கள் சங்கம் வைத்திருக்கிறோம், ஆண்டுவிழா நடத்துகிறோம். உருக்கி ஒட்டாமல் திருகாணி போட்ட மூடி, சர்க்யூட் வரைபடம், வில்முனை உதிரியாகக் கிடைப்பது: இந்த மூன்றையும் கேட்டு அந்தத் துறைக்கு ஒரு மனு எழுத நமக்கு என்ன தடை? அதுவரை கடை மேசைமேல் ஒரு மல்டிமீட்டரும், நல்லதென்று தெரிந்த ஒரு பேட்டரியும், ஓர் எட்டு வடிவ ஒயரும் இருக்கட்டும். "கொத்ததி தீஸ்கோண்டி" என்று சொல்வதற்கு முன் அவற்றை ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பார்க்க மறுத்தால் சார்ஜரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.